நாற்பது நிமிடக் கோடு

மதியம் 1.25. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி க்யூவெட் என்ற சின்ன அளவுக் குப்பியின் வெளிப்புறத்தை டிஷ்யூ தாளால் துடைத்து, கலங்கலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்குள் வைத்து மூடினாள். 0.62. பத்து நிமிடம் முன்னால் பார்த்தபோது 0.61. அடுத்து 1.35-க்கு மறுபடி 0.62. 1.45-க்கு 0.61.

"மேடம், மெஷின் ஸ்டக் ஆயிடுச்சு போல."

"இல்லைம்மா. வர்ற நம்பரை எழுது."

"அதே நம்பர்தான் மேடம் வருது."

"அதையே எழுது."

பக்கத்தில் நின்ற பையன் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டான். பாக்டீரியா இல்லாத வெறும் ஊடகத்தை, அதாவது அதை வளர்க்கும் சத்துக் கரைசலை மட்டும், வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தான். காட்டியது. மறுபடி மாதிரியை வைத்தான். 0.62. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வருடா வருடம் நான் காத்திருக்கும் நேரம் இது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடுவைக்குள் இருப்பது ஈ.கோலை. நம் குடலில் வாழ்கிற பாக்டீரியாதான். ஆய்வகத்தில் நாங்கள் வைத்திருப்பது நோய் தராத கே-12 வகை. முதல் நாள் இரவு குளுக்கோஸ் மட்டும் கொடுத்து வளர்த்ததை, காலை 9.30-க்குப் புது ஊடகத்தில் கொஞ்சமாக விட்டோம். ஊடகத்தில் சில உப்புகள், அப்புறம் இரண்டு சர்க்கரைகள்: லிட்டருக்கு அரை கிராம் குளுக்கோஸ், ஒன்றரை கிராம் லாக்டோஸ். 37 டிகிரி ஷேக்கரில் குடுவை ஆடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மில்லி எடுத்து, 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளக்க வேண்டும். கலங்கல் கூடினால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. சோதனை அவ்வளவுதான்.

காலையில் 0.05-இல் தொடங்கியது மணிக்கொரு தரம் இரட்டித்து, சாப்பாட்டு நேரத்தில் 0.6-ஐத் தொடும். அங்கே குளுக்கோஸ் தீர்ந்துவிடும். லாக்டோஸ் அப்படியே கிடக்கும். சுற்றிலும் சாப்பாடு இருந்தும் வளர்ச்சி நின்றுவிடும். நாற்பது நிமிடம் போல ஆன பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். கிராஃப் ஷீட்டில் பார்த்தால் இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஒரு திண்ணை.

இந்தத் திண்ணையை நான் ஒருமுறை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். எம்.எஸ்சி. முதல் வருடம். இதே சோதனை, பழைய கலரிமீட்டர். எனக்கும் நடுவில் நாலு புள்ளி ஒரே உயரத்தில் வந்தது. பிராக்டிகலைப் பார்த்துக்கொண்டவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கருவி பழசு, அந்த நாலையும் விட்டுட்டுக் கோட்டை ஸ்மூத்தா இழு" என்றார். இழுத்தேன். கையெழுத்தும் வாங்கினேன். அந்த ரெக்கார்ட் நோட்டு இப்போதும் வீட்டுப் பரணில் இருக்கிறது. நாலு புள்ளிகளும் தாளில் இருக்கின்றன. கோடு மட்டும் அவற்றுக்கு மேலே வளைந்து போகிறது. அடுத்த வருடம் மொனோவைப் பற்றிப் படித்தபோதுதான் நான் எதை விட்டுவிட்டுக் கோடு இழுத்தேன் என்று தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது.

ஜாக் மொனோ பாரிஸ்காரர். 1930-களின் கடைசியில் ஸோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக பாக்டீரியாவின் வளர்ச்சியை அளந்துகொண்டிருந்தார். ஒரு சர்க்கரை கொடுத்தால் எப்படி வளர்கிறது, இரண்டு கொடுத்தால் எப்படி வளர்கிறது என்பதுதான் வேலை. சில ஜோடிகளில் கோடு ஒரே வீச்சில் ஏறியது. சில ஜோடிகளில் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. இதற்கு டயாக்ஸி என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களிலிருந்து எடுத்தது, இரட்டை வளர்ச்சி என்று பொருள். 1940-இன் இறுதி. பாரிஸ் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் கோட்டைப் பாஸ்டர் நிறுவனத்தின் ஆந்த்ரே லுவாஃபிடம் கொண்டுபோய்க் காட்டினார். இது நொதித் தகவமைப்பாக, அதாவது கிடைக்கும் சாப்பாட்டுக்கு ஏற்ப பாக்டீரியா நொதியைச் செய்துகொள்வதாக, இருக்கலாம் என்றார் லுவாஃப். மொனோவோ அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. 1965-இல் நோபல் உரையில் இதை அவரே நினைவுகூர்ந்தார். அந்தப் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் லுவாஃப். இன்னொருவர் ஃபிரான்ஸுவா ஜாகோப்.

சரி, அந்த நாற்பது நிமிடத்தில் குடுவைக்குள் என்ன நடக்கிறது? வகுப்பில் கேட்டால் "லாக்டோஸைச் செரிக்கிற நொதியைத் தயார் செய்யுது மேடம்" என்பார்கள். தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கும்.

லாக்டோஸை இரண்டாக வெட்டும் நொதியின் பெயர் பீட்டா கேலக்டோசிடேஸ். அதற்கான மரபணு 3,000 டி.என்.ஏ. எழுத்துக்குச் சற்று மேல் நீளம். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொடிக்கு 40, 50 எழுத்து வேகத்தில் அதைப் படி எடுக்கும். முழுவதையும் முடிக்க ஒரு நிமிடமும் கொஞ்சமும் போதும். நம் செல்லில் இருப்பது மாதிரி உட்கரு என்ற தனி அறை பாக்டீரியாவில் கிடையாது. அதனால் படி எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ரைபோசோம் ஏறிப் புரதம் கட்டத் தொடங்கிவிடும். அப்படி நாலு சங்கிலி சேர்ந்தால் ஒரு முழு நொதி. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம். மூன்று நிமிட வேலைக்கு எதற்கு நாற்பது நிமிடம்?

மூன்று நிமிடம் என்பது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1957-58-இல் பாஸ்டர் நிறுவனத்தில் செய்து பார்த்தே காட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்தர் பார்டி ஒரு வருடம் அங்கே வேலை செய்ய வந்திருந்தார். பார்டி, ஜாகோப், மொனோ மூன்று பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அந்தச் சோதனையைப் பஜாமோ என்றே இன்றும் சொல்கிறோம். பாக்டீரியா மரபணு ஒழுங்கு பற்றி நான் நடத்தும் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்தது இது. கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றைக்குத் தெரிந்திருந்தது இவ்வளவு. சாதாரண ஈ.கோலை லாக்டோஸ் இருந்தால்தான் நொதியைச் செய்யும். ஐ என்று பெயரிட்ட இன்னொரு மரபணு கெட்டுப்போன வகைகள், லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் நொதியைச் செய்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் ஐ என்ன வேலை பார்க்கிறது? கெட்டுப்போன வகை தனக்குள்ளேயே ஏதோ தூண்டும் பொருளைச் செய்துகொள்கிறது என்பது மொனோவின் நினைப்பு. மாற்றி யோசித்துப் பாருங்கள், தடுக்கிற ஒன்று இல்லாமல் போனதால்கூட இப்படி ஆகலாம் அல்லவா என்று அவரிடம் வற்புறுத்தியவர்களில் இயற்பியலாளர் லியோ ஸிலார்டும் ஒருவர்.

சோதனை இது. பாக்டீரியாக்களில் சில, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு தன் டி.என்.ஏ.வை நூல் மாதிரி உள்ளே செலுத்தும். கொடுக்கும் செல்லில் நொதி மரபணுவும் ஐ மரபணுவும் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. வாங்கும் செல்லில் இரண்டுமே பழுது. லாக்டோஸோ அதைப் போன்ற தூண்டுபொருளோ எதுவும் குடுவையில் கிடையாது. தனித்தனியாக விட்டால் இரண்டுமே நொதி செய்யாது. ஒன்றுக்கு அனுமதி இல்லை, இன்னொன்றுக்குச் செய்முறையே இல்லை. இரண்டையும் கலந்து விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நொதி மரபணு உள்ளே போன இரண்டு மூன்று நிமிடத்தில் நொதி வரத் தொடங்கியது. மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே முழு வேகம். யாரும் தூண்டவில்லை, ஆனாலும் செய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு, செல்கள் நன்றாக இருக்கும்போதே, உற்பத்தி நின்றது. அந்த நேரத்தில் தூண்டுபொருளைக் கொட்டினால் நிற்காமல் தொடர்ந்தது.

வகுப்பில் இந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அவர்களே சொல்லட்டும். வழக்கமாக நாலைந்து நிமிடம் ஆகும். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஐ ஜீனும் சேர்ந்துதானே மேடம் உள்ள போச்சு? அது ஏதோ ஒண்ணைச் செஞ்சிருக்கும். அது சேர்றதுக்கு நேரம் ஆயிருக்கும்." அதேதான். வாங்கிய செல்லின் திரவத்தில் முதலில் தடுப்பவர் யாருமில்லை. அதனால் நொதி மரபணு தங்குதடையில்லாமல் ஓடியது. கூடவே ஐ மரபணு தன் பொருளைச் செய்து செய்து சேர்த்தது. போதுமான அளவு சேர்ந்ததும் கதவு மூடியது. அந்தப் பொருள்தான் ரெப்ரஸர், அடக்கும் புரதம். அதைக் கையில் பிடித்துத் தனியே எடுத்துக் காட்ட 1966 வரை, ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ மியூலர்-ஹில்லும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிரமப்பட்டதற்குக் காரணம் உண்டு: ஒரு செல்லில் அது பத்துப் பிரதிதான் இருக்கும்.

அதே சோதனையின் அந்த இரண்டு மூன்று நிமிடம் இன்னொன்றையும் சொன்னது. மரபணு வந்த உடனே புரதம் முழு வேகத்தில் வருகிறது என்றால், நடுவில் செய்தி கொண்டுபோகும் ஏதோ ஒன்று சட்டென்று உருவாகி, சட்டென்று அழிய வேண்டும். 1960 ஏப்ரல் 15, புனித வெள்ளி அன்று கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் ஜாகோப் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரென்னருக்கும் ஃபிரான்ஸிஸ் கிரிக்குக்கும் அது என்னவென்று பொறிதட்டியது. அதுதான் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்த பிறகு இந்தப் பெயர் எல்லார் வாயிலும் புழங்குகிறது. அது பிறந்த இடம் லாக்டோஸ் தின்னும் பாக்டீரியாவின் இரண்டு நிமிடத்தில் என்று மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

இப்போது நம் நாற்பது நிமிடத்துக்கு வருவோம். செய்வதற்கு மூன்று நிமிடம் போதும் என்று பார்த்துவிட்டோம். மீதி நேரம் போவது செய்வதில் இல்லை; லாக்டோஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில்.

லாக்டோஸ் தானாகச் செல்லுக்குள் நுழையாது. பெர்மியேஸ் என்ற புரதம் சவ்வில் கதவாக நின்று உள்ளே விட வேண்டும். அந்தக் கதவுக்கான மரபணு, நொதி மரபணுவுக்குப் பக்கத்திலேயே, அதே பூட்டின் கீழே இருக்கிறது. ரெப்ரஸர் உட்கார்ந்திருந்தால் கதவும் செய்யப்படாது. ரெப்ரஸரைக் கிளப்ப லாக்டோஸ் உள்ளே வர வேண்டும். அதுவும் லாக்டோஸாக வந்தால் போதாது. பீட்டா கேலக்டோசிடேஸ் அதைக் கொஞ்சம் மாற்றி அல்லோலாக்டோஸ் ஆக்கினால்தான் ரெப்ரஸர் அதற்கு இணங்கும். ஆக, கதவு திறக்கக் கதவு வேண்டும், நொதி செய்ய நொதி வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்ட வீடு.

இந்த வீடு எப்படித் திறக்கிறது? பூட்டு முழுக்க இறுக்கமில்லை. பத்துப் பிரதி ரெப்ரஸரும் டி.என்.ஏ.வில் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். எப்போதோ ஒரு கணம் விட்ட இடைவெளியில் ஒரு படி எடுக்கப்பட்டு, சில பெர்மியேஸ், சில நொதி உருவாகிவிடும். அதனால் பெரும்பாலான செல்களில் ஒன்றிரண்டாவது இருக்கும். அரிதாக ரெப்ரஸர் டி.என்.ஏ.வை முழுவதுமாக விட்டுவிட்டால், திரும்பி வந்து ஒட்டுவதற்குள் ஒரே வீச்சில் நிறையப் பெர்மியேஸ் வந்துவிடும். ஹார்வர்டில் சன்னி ஷியேயின் ஆய்வகம் 2008-இல் இதை ஒவ்வொரு செல்லாக நுண்ணோக்கியில் பார்த்தது. சில நூறு பெர்மியேஸ் சேர்ந்த செல் அப்படியே திறந்துகொள்கிறது: லாக்டோஸ் உள்ளே வர, அது இன்னும் ரெப்ரஸரை விலக்க, இன்னும் கதவுகள் வர, இன்னும் லாக்டோஸ். சேராத செல் மூடியே இருக்கிறது.

பாதி திறந்த செல் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. தூண்டுபொருளைக் குறைவாகக் கொடுத்தால் ஒவ்வொரு பாக்டீரியாவும் முழுசாகச் செய்யும் அல்லது செய்யவே செய்யாது என்று ஆரன் நோவிக்கும் மில்டன் வைனரும் 1957-லேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எங்கள் கிராஃப் ஷீட்டில் இருக்கும் திண்ணை எந்த ஒரு செல்லுடையதும் இல்லை. அது குடுவையுடையது. கோடிக்கணக்கான செல்களில் ஒன்று 1.20-க்கே திறந்திருக்கும், இன்னொன்று 1.50-க்கு, இன்னொன்று திறக்காமலே இருக்கும். முன்னால் திறந்தவை பெருகி எண்ணிக்கையை உயர்த்தும்வரை மெஷின் 0.62 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

குளுக்கோஸ் இருக்கும்வரை ஏன் எதுவுமே திறப்பதில்லை என்ற கேள்விக்கு நான் ரொம்ப வருடம் பாடப்புத்தகப் பதிலையே சொல்லிக்கொடுத்தேன்: குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற, செல்லுக்குள் செய்தி சொல்லும் சிறு மூலக்கூறு குறையும், அதனால் படி எடுப்பது மந்தமாகும். அது நடக்கிறது. ஆனால் இந்தத் திண்ணைக்கு அது முதன்மைக் காரணமில்லை. ஜப்பானில் ஹிரோஜி ஐபாவின் குழு 1996-இல் அளந்து பார்த்தபோது, குளுக்கோஸில் வளரும்போதும் பிறகு லாக்டோஸில் வளரும்போதும் சைக்ளிக் ஏ.எம்.பி. அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெரிய வேலையைச் செய்வது வேறு. குளுக்கோஸ் உள்ளே இழுக்கப்படும்போது, அந்த இழுக்கும் அமைப்பின் ஒரு புரதம் பெர்மியேஸைப் பிடித்து மூடிவைக்கிறது. இருக்கிற ஒன்றிரண்டு கதவுக்கும் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். குளுக்கோஸ் தீர்ந்த நிமிடம் தாழ்ப்பாள் விழுகிறது. அப்போதிருந்துதான் மேலே சொன்ன கதை தொடங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய மாணவர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு நீளமான திருத்தம் எழுதிப் போட்டேன்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, எப்போதும் திறந்தே வைத்தால் என்ன என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். செலவு. தேவையில்லாமல் இந்த நொதியை முழு அளவில் செய்துகொண்டிருக்கும் பாக்டீரியா சில விழுக்காடு மெதுவாக வளரும். நாலு விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு தரம் இரட்டிக்கும் பிறவிக்கு அது ஒரு நாளில் ஒரு முழு இரட்டிப்பு. காலையில் சமமாக இருந்த எதிராளி மறுநாள் காலையில் இரண்டு மடங்காக நிற்பான்.

திண்ணையைக் கண்ணால் பார்க்க வைக்க இப்போது நான் இன்னொரு வேலையும் சேர்த்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலங்கல் பார்க்கும்போதே, இன்னொரு சிறு மாதிரியை எடுத்து, குளோரோஃபார்மும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளும் விட்டுச் செல்களை ஓட்டையாக்கி, 28 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓ.என்.பி.ஜி. சேர்க்கிறோம். நிறமில்லாத பொருள். பீட்டா கேலக்டோசிடேஸ் இருந்தால் அதை வெட்டும், மஞ்சள் வரும். எவ்வளவு நேரத்தில் மஞ்சள் வந்தது என்று ஸ்டாப்வாட்சில் குறித்துக்கொண்டு சோடியம் கார்பனேட் விட்டு நிறுத்த வேண்டும்.

அந்தப் பெண் 1.25-க்கு எடுத்த குழாய் தண்ணீராகவே இருந்தது. 1.35-க்கு எடுத்ததும் அப்படித்தான். 1.45-க்கு எடுத்ததை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தாள். "லேசா இருக்கு மேடம். இருக்குல்ல?" இருந்தது. எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்ட மாதிரி. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அப்போதும் 0.61 என்றுதான் காட்டியது. 1.55-க்கு எடுத்த குழாயில் யாரும் தாளை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2.05-க்குத்தான் கலங்கல் 0.64 ஆனது.

இந்த மஞ்சள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வருடம் கஷ்டப்பட்டுக் கற்றோம். அந்த முறை எங்கள் கே-12 குழாய் கெட்டுப்போய்விட்டதால், வேறொரு ஆய்வகத்திலிருந்து ஈ.கோலை கேட்டு வாங்கினோம். தந்தது டி.எச்.5 ஆல்ஃபா. ஜீன் குளோனிங் செய்பவர்கள் எல்லாரிடமும் இருப்பது. நானும் பெயரைச் சரியாகப் பார்க்கவில்லை. தயமின் (வைட்டமின் பி1) சேர்த்தால்தான் வளர்ந்தது, அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதல் ஏற்றம் ஒழுங்காக வந்தது. திண்ணையும் வந்தது. நாற்பது நிமிடம் போனது, ஒரு மணி நேரம் போனது. பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நானும் விடுதியில் தங்கும் நாலு பேரும் ஆறரை மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே எண்ணை எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஏற்றம் வரவே இல்லை. வராது. டி.எச்.5 ஆல்ஃபாவில் லாக்டோஸ் மரபணுக்களை வேண்டுமென்றே வெட்டி எடுத்திருப்பார்கள்; குளோனிங்கில் நீலமா வெள்ளையா என்று நிறம் பார்ப்பதற்காக நொதியின் ஒரு துண்டு மட்டும்தான் அதில் இருக்கும். தயாராகிக்கொண்டிருக்கும் குடுவையும், தயாராக வழியே இல்லாத குடுவையும் கலங்கலில் ஒரே மாதிரி. ஓ.என்.பி.ஜி. சேர்த்தது அதற்கு அடுத்த வருடத்திலிருந்து.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பாலில் தயிர் உறைவதும் இதே லாக் ஓபெரானால்தான் (ஒரே பூட்டின் கீழ் இருக்கும் இந்த லாக்டோஸ் மரபணுத் தொகுதிக்கு அதுதான் பெயர்) என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். அது சரியில்லை. யோகர்ட்டில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்குக் குளுக்கோஸைவிட லாக்டோஸ்தான் இஷ்டம். அதன் கதவுப் புரதம் லாக்டோஸை உள்ளே எடுத்துக்கொண்டு, மாற்றாகக் கேலக்டோஸை வெளியே தள்ளும். பாலிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்கு வேறு ஒழுங்கு. ஈ.கோலை நம் குடலில் எது எப்போது வரும் என்று தெரியாமல் வாழ்வது. அதன் தயக்கம் அதற்குப் பொருந்தும்.

"எல்லா ஜீனும் இப்படிச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் திறக்குமா மேடம்?" என்று மெஷினை அணைத்துப் போட்ட பையன் கேட்டான். இல்லை. அவனுக்குக் கசையிழையின் கதையைச் சொன்னேன். ஈ.கோலை நீந்துவதற்கு உடம்பில் வால் மாதிரி கட்டிக்கொள்வது. அடித்தளம், கொக்கி, கடைசியாக நீண்ட இழை என்று வரிசையாகக் கட்ட வேண்டும். இழைக்கான மரபணுக்களைத் திறக்கும் சிக்மா புரதம் முன்னதாகவே தயாராகி இருக்கும், ஆனால் எஃப்.எல்.ஜி.எம். என்ற சின்னப் புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கும். அடித்தளமும் கொக்கியும் முழுமையானதும், நடுவில் ஒரு குழாய் திறக்கும். இழைக்கான கட்டுமானப் பொருள் வெளியே போக வேண்டிய அதே குழாய். அதன் வழியாக எஃப்.எல்.ஜி.எம். செல்லைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. பிடித்திருந்தவர் போனதும் சிக்மா விடுபட்டு இழை மரபணுக்களைத் திறக்கிறது. கொக்கி முடிந்ததா என்று கேட்க வேறு அளவுகோலே வேண்டாம். முடிந்திருந்தால்தான் குழாய் திறக்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2001-இல் ஒவ்வொரு மரபணுத் தொகுதியின் முன்பகுதியோடும் ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்தார்கள். கட்டும் வரிசையிலேயே ஒளிர்ந்தன. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யார் மேடம் இதை யோசிச்சது?" என்றான். யாரும் யோசிக்கவில்லை, கோடிக்கணக்கான வருடங்களில் அப்படி அமைந்தது என்றேன். அந்தப் பதிலில் அவன் திருப்தியடைந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமைக்கு இரண்டு குடுவை வைக்கப்போகிறோம். இந்த யோசனையை வரைந்து காட்டியது அந்தப் பெண். ஒரு குடுவைக்கு வழக்கம் போல முதல் நாள் இரவு குளுக்கோஸில் வளர்த்தது. இன்னொன்றுக்கு லாக்டோஸில் வளர்த்தது. லாக்டோஸில் வளர்ந்த செல்களில் கதவும் நொதியும் நிறைய இருக்கும். காலையில் குளுக்கோஸுக்கு மாற்றியதும் புதிதாகச் செய்வது நின்றுவிடும், ஆனால் பழையவை அழிந்துவிடாது. ஒவ்வொரு பிரிவிலும் பாதி பாதியாகப் பங்கு போகும். மதியத்துக்குள் மூன்றரை இரட்டிப்பு என்றால் பன்னிரண்டில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். சில நூறு இருந்தாலே திறந்துவிடும் என்று பார்த்தோமே. அப்படியானால் இரண்டாவது குடுவையின் திண்ணை ரொம்பக் குட்டையாக, ஒருவேளை இரண்டு புள்ளிகூட இல்லாமல் வர வேண்டும். அவள் கணக்கு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பத்து நிமிட இடைவெளி போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும், இரண்டு குடுவைக்கும். ஓ.என்.பி.ஜி. புதிதாகக் கரைக்க வேண்டும், க்யூவெட் இன்னும் நாலு வேண்டும். எல்லாரையும் அன்று பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.